கப்பலில் வந்தவள் பெயர் என்ன?

மலாயாவுக்குக் கப்பலேறி வந்த தமிழ்ப் பெண்கள் உழைக்க வந்தவர்கள். நாகப்பட்டினத்தில் பதிவாகி, அம்மை குத்திக்கொண்டு, கப்பல் தட்டில் பாய் விரித்துக் கடல் கடந்து, பினாங்கிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் இறங்கினார்கள். இறங்கிய கையோடு பால்மரக் காட்டுக்குள் போனார்கள். தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் அவர்களுக்குத் தனி வரி இருந்தது, தனிச் சம்பளம் இருந்தது, வேலைக்கு வராத நாளுக்குத் தனிப் பிடித்தமும் இருந்தது. இவ்வளவு வெளிப்படையான உண்மையை இன்றும் மேடையேறிச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதற்காகத்தான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இந்தக் கூட்டம்.

கிள்ளான் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றைப் பற்றி அண்மையில் ஒரு நினைவு மலர் வந்தது. வழுவழுப்பான தாள், கெட்டி அட்டை, அமைச்சர்களின் வாழ்த்துரை. நடுப்பக்கத்தில் போருக்கு முந்தைய புகைப்படம் ஒன்று. நாற்காலியில் துரை, அவருக்கு வலப்புறம் கணக்கெழுதும் பெரிய கிராணி, இடப்புறம் மருந்து கொடுக்கும் டிரெசர், பின்னால் கங்காணிகளும் தண்டல்களும். எல்லோருக்கும் பெயர் போட்டிருக்கிறார்கள். முன்னால் தரையில் பெண்கள் குந்தியிருக்கிறார்கள். பக்கத்தில் பால் வாளி, தலையில் துணிக்கட்டு, முழங்கை வரை பால் கறை. ஒருத்தியின் மடியில் குழந்தை. அது அசைந்துவிட்டதால் அதன் முகம் மட்டும் மங்கிப் போயிருக்கிறது. அந்த வரிசைக்குக் கீழே அச்சாகியிருப்பது இரண்டே சொல்: பெண் பாட்டாளிகள். துரையின் காலடியில் ஒரு நாய் படுத்திருக்கிறது. நாய்க்குப் பெயர் போட்டிருக்கிறார்கள்!

நாயின் பெயர் எண்பது ஆண்டு கடந்து வந்து சேர்ந்திருக்கிறது. பால் வெட்டியவளின் பெயர் வரவில்லை. மலர்க்குழுவினர் சொன்ன சமாதானம், பெயர்கள் கிடைக்கவில்லையாம். தேடினால்தானே கிடைக்கும்? நாயின் பெயரைத் தேடிய சிரத்தையில் கால் பங்கு போதாதா?

அவர்கள் வந்த கதையை முறையாகச் சொல்ல வேண்டுமானால் கங்காணியிலிருந்து தொடங்க வேண்டும். ஒப்பந்தக் கூலி முறையை 1910ஆம் ஆண்டோடு மலாயா கைவிடத் தொடங்கியது. அதற்கு முன்பே 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் அதில் பணம் கட்டினார்கள். ஆள் வரும் கப்பல் செலவு அதிலிருந்து போனது. கங்காணி தன் ஊருக்குத் திரும்பி, தன் சாதிசனத்திடமும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் ஆள் பிடித்தான். தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குக் கிடைத்தது. அந்தத் தலைகளில் பெண் தலைகளும் இருந்தன. கணவனோடு வந்தவள் உண்டு, அண்ணனோடு வந்தவள் உண்டு. புருஷனை இழந்து ஊரில் கஞ்சிக்கு வழியில்லாமல் வந்தவளும், அடி தாங்காமல் வீட்டை விட்டுக் கிளம்பியவளும் உண்டு. முன்பின் அறியாத ஓர் ஆணோடு, ஆள் அனுப்பும் டிப்போவிலேயே தம்பதி என்று எழுதிச் சேர்த்து அனுப்பப்பட்டவர்களும் இருந்தார்கள். பதிவேட்டில் விழுந்த அந்த உறவு கப்பலிலும் தோட்டக் குடியிருப்பான லயத்திலும் தொடர்ந்தது. அவள் சம்மதத்தை யார் கேட்டார்கள்?

ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த டிப்போக்களில் ஆட்கள் தனித்து வைக்கப்பட்டு, மருத்துவச் சோதனை முடிந்த பிறகே கப்பலேறினார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. படகில் ஏறி, அலையில் ஆடி, நடுக்கடலில் நிற்கும் கப்பலின் பக்கவாட்டு ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். இடுப்பில் ஒரு குழந்தை, தலையில் மூட்டை, அதுவரை கடலையே பார்த்திராத கண். அந்த ஏணியில் காலை வைத்தவள் யாருடைய நிழலாகவும் ஏறவில்லை, தன் காலால் ஏறினாள்.

ரஜூலா கப்பலைப் பற்றி ஆண்கள் பாட்டு கட்டியிருக்கிறார்கள், கதை எழுதியிருக்கிறார்கள். 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட கப்பல் அது. ஐயாயிரம் பேர் வரை தட்டுப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை அலைந்தது. கப்பலின் எடையும் வேகமும் புகைபோக்கியின் நிறமும் தெரிந்த பெரியவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். அந்தத் தட்டில் மாதவிலக்கு வந்த பெண் என்ன செய்தாள், பிள்ளைக்குப் பால் வற்றியபோது யாரிடம் கேட்டாள், இரவில் பக்கத்துப் பாயிலிருந்து நீண்ட கையை எப்படித் தட்டிவிட்டாள் என்று அவர்களில் எவராவது தம் அப்பாயியிடம் கேட்டதுண்டா? புகைபோக்கியின் நிறம் தெரிந்தவருக்கு அப்பாயியின் பெயர் தெரிவதில்லை. கேட்டால் ‘அப்பாயி’ என்கிறார்!

பெண்களை வரவழைத்ததில் முதலாளிக்குக் கருணை இல்லை, கணக்கு இருந்தது. தனி ஆள் ஓடிப்போவான், குடும்பம் ஓடாது. பெண் வந்தால் அடுத்த தலைமுறைக் கூலி தோட்டத்திலேயே பிறக்கும். 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டத்தை ஒட்டி அடுத்த ஆண்டு வந்த விதிகள், துணையின்றிப் போகும் ஆண்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்றன. மலாயாத் தோட்ட முதலாளிகள் அதிலிருந்து விலக்குக் கேட்டுப் பெற்றார்கள். 1931இல் கூட மலாயா இந்தியர்களில் ஆயிரம் ஆணுக்கு ஏறத்தாழ 500 பெண்களே இருந்தார்கள். இந்த விகிதத்தின் பாரம் முழுவதும் யார் தலையில் விழுந்தது என்பதைக் கொஞ்சம் பின்னால் பார்க்கலாம்.

தோட்டத்தில் அவளுடைய நாள் விடியுமுன் தொடங்கியது. இருட்டில் எழுந்து சோறாக்கி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு ஓட வேண்டும். பெயர் கூப்பிடும்போது நிற்காவிட்டால் அன்றைய சம்பளம் போயிற்று. பிள்ளை ஆயாக் கொட்டகையில். வேலை செய்ய முடியாத ஒரு கிழவி அங்கே முப்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். தாய் தன் மர நிரைக்குப் போய், வெளிச்சம் ஏறுமுன் ஒட்டுக்கறை உரித்து மரம் வெட்டி, கோப்பையில் பால் நிறைந்து வெயில் ஏறியதும் பால் சேகரித்து, இரண்டு வாளியையும் காண்டாக் கம்பில் தோளேற்றி ஸ்டோருக்கு நடக்க வேண்டும். மார்பில் பால் கட்டி வலிக்கும். தோளில் மரப்பால் தளும்பும். ஸ்டோரில் வரிசை. கிராணி அளந்து எழுதுவார், எழுதியதே கணக்கு. பிறகு ஆயாக் கொட்டகை, பிறகு விறகு, பிறகு தண்ணீர்க் குழாயடி, பிறகு மறுபடி அடுப்பு. அந்த நேரத்தில் அவள் கணவன் கள்ளுக்கடையில் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். அவளுக்கு வேலை குறையவில்லை.

இதற்குச் சம்பளம்? 1920களின் பிற்பகுதியில் அரசு வகுத்த அளவுச் சம்பளம் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பால்மரத்துக்குத் தன்னை வெட்டுவது ஆணா பெண்ணா என்று தெரியாது. கோப்பையில் விழும் பால் ஒன்றுதான். லண்டனில் அந்த ரப்பர் விற்கும்போது, இது பெண் வெட்டிய ரப்பர், விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று எந்தக் கம்பெனியாவது சொன்னதா? முதலாளிமார் சொன்ன நியாயம் இது: பெண் குறைவாகச் சாப்பிடுவாள். அரிசி அளவிலும் துணி அளவிலும் பெண்ணுக்குக் குறைத்துக் கணக்குப் போட்டு, அதைச் சம்பளத்துக்கு அடிப்படை என்று எழுதி வைத்தார்கள். சூல்கொண்டவளும் பால்கொடுப்பவளும் குறைவாகச் சாப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடித்த அந்த மேதைகளின் பெயரில் ஊரெங்கும் சாலை இருக்கிறது!

ரப்பர் விலை சரிந்த 1930களின் தொடக்கத்தில் சம்பளம் 28 காசுக்கும் 24 காசுக்கும் இறங்கியது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வேண்டும்போது அழைத்து, வேண்டாதபோது அனுப்பினார்கள். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியகல்வைத் தடை செய்தது. அதோடு கங்காணி ஆள் பிடித்த காலம் முடிந்தது.

இனி, ஆயிரத்துக்கு ஐந்நூறு என்ற விகிதத்தின் பாரம். லயத்தில் ஆண்கள் பெருகி, பெண்கள் குறைந்த இடத்தில் சண்டை வந்தது, கத்திக்குத்து வந்தது. அதிகாரிகள் எழுதிய குறிப்புகளில் குற்றவாளி யார்? அவள்தான். ஒழுக்கம் கெட்டவள், ஆள் மாற்றுபவள், ஓடுகாலி. பெண் பற்றாக்குறையை உண்டாக்கியது முதலாளி, விதிவிலக்குக் கொடுத்தது அரசாங்கம், பழி மட்டும் அவளுக்கு. மணமான பெண்ணைப் பிறன் கவர்ந்து செல்வது குற்றம் என்று தண்டனைச் சட்டத்தின் 498ஆம் பிரிவு சொன்னது. கணவன் புகார் கொடுப்பான், அடுத்த ஆள் குற்றவாளியாவான். அவள் ஒரு மாடு போல மீட்கப்படுவாள். அவளாகவே போயிருக்கலாமே, அடியும் குடியும் பொறுக்காமல் தன் முடிவாகக் கிளம்பியிருக்கலாமே என்று சட்டத்துக்குத் தோன்றவில்லை. வெள்ளைக்காரன் போனான், கொடி மாறியது, பிரிவு மட்டும் மாறவில்லை. 2023 டிசம்பரில்தான் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. தோட்டமே அழிந்த பிறகு!

இந்தப் பெண்களை வெறும் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் பார்க்காமல், கிடைத்த இடுக்குகளில் தமக்கான முடிவுகளைத் தாமே எடுத்தவர்களாகக் காட்டி அருணிமா தத்தா 2021இல் ஒரு நூல் எழுதினார். ஆவணக் காப்பகக் கோப்புகளிலிருந்தும் வழக்குகளிலிருந்தும் எழுதினார். ஆவணம் இல்லை, ஆவணம் இல்லை என்று இங்கே ஓதிக்கொண்டிருந்தவர்கள் இப்போது என்ன சொல்வார்கள்? ஆங்கிலத்தில் இருக்கிறது, படிக்க நேரமில்லை என்பார்கள்.

கிள்ளானுக்கு வரலாம். 1941 மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் மலாயாத் தமிழர் வரலாற்றின் பெருமைக்குரிய பக்கம். ஆர்.எச். நாதன் தலைமை தாங்கினார். மே மாதம் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது, துருப்பு வந்தது, சூடு நடந்தது, உயிர் போயிற்று. ஆண்டுதோறும் மேடைகளில் இதைப் பேசுகிறார்கள். துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்ற கோரிக்கையைப் பேசுகிறார்கள், கைதட்டல் வருகிறது. கள்ளுக்கடையை மூடச் சொன்னதைப் பேசுகிறார்கள், கைதட்டல் வருகிறது. அதே கோரிக்கைப் பட்டியலில், தோட்டத்துப் பெண்களிடம் வெள்ளைக்கார அதிகாரிகளும் அவர்களுடைய கறுப்பு நகல்களும் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும் என்று இருந்ததே, அது எந்த மேடையில் வருகிறது? சைக்கிள் நினைவில் நிற்கிறது. பெண் நிற்கவில்லை. சைக்கிள் ஓட்டியவன் மானம் வரலாறு. நிரையில் தனியாக நின்றவள் மானம் குடும்பச் செய்தி, வெளியே சொல்லக்கூடாது! இந்த மூடிமறைப்பைச் சொந்தச் சமூகமே எண்பது ஆண்டாகக் காப்பாற்றி வருகிறது. இதில் வெள்ளைக்காரனைக் குறைசொல்ல வழியில்லை.

போர் வந்தது. ஜப்பானியர் தோட்டத்து ஆண்களை லாரி லாரியாக ஏற்றி சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. லயத்தில் எஞ்சிய பெண்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று, கோணிச்சாக்கை உடுத்தி, பிள்ளைகளைப் பிழைக்க வைத்தார்கள். ரயில் பாதைக்குப் போனவர்களைப் பற்றி நாவல் உண்டு, நினைவுச்சின்னக் கோரிக்கை உண்டு. கிழங்கு அவித்தவளைப் பற்றி ஒரு வரி உண்டா?

1943இல் சிங்கப்பூரில் நேதாஜி ஜான்சி ராணிப் படையை அமைத்தபோது, பால் வாளியை வைத்துவிட்டுத் துப்பாக்கி ஏந்தப் போனவர்கள் பலர். கோலாலம்பூரில் 1925இல் பிறந்த ஜானகி ஆதிநாகப்பன், நேதாஜியின் பேச்சைக் கேட்டுத் தம் நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்தார். பிறகு மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றிய 1946ஆம் ஆண்டின் முன்னோடிகளில் ஒருவரானார். 2000இல் பத்மஸ்ரீ பெற்றார். அதே படையிலிருந்து வந்த ராசம்மா பூபாலன் 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி, சம சம்பளத்துக்குப் போராடினார். 50 காசு, 40 காசு என்ற அதே அநீதி வகுப்பறையிலும் இருந்தது, அந்தப் பத்தாண்டின் இறுதியில்தான் அகன்றது. இவர்கள் பெயர் எஞ்சியது மகிழ்ச்சி. ஆனால் இவர்கள் படித்தவர்கள், நகரத்தவர்கள். எழுதப் படிக்கத் தெரியாமல் தோட்டத்திலிருந்து நேரே முகாமுக்குப் போய் அணிவகுத்த பெண்களின் பெயர்? பர்மாவிலிருந்து பின்வாங்கும்போது ரயிலில் சுடப்பட்டு மாண்ட ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவரின் பெயரையாவது இந்த அவையில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

பிரிக்பீல்ட்ஸ் கதை வேறு மாதிரி. ரயில்வே குவாட்டர்ஸ்களில் குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் பெண்கள் கொழும்பிலிருந்து கப்பலேறியவர்கள். அவர்கள் மரம் வெட்டவில்லை. ஆனால் ஊரிலிருந்து வேலை தேடி வந்த தம்பிமாருக்கும் மச்சான்மாருக்கும் மாதக்கணக்கில் சோறு போட்டு, அவர்களைக் கிராணிகளாக்கி அனுப்பியது அந்த அடுப்படிகள்தான். கிராணிமார் சேவைக்குச் சான்றிதழ் கிடைத்தது, ஓய்வூதியம் கிடைத்தது. இந்த மண்டபத்தை விட்டு வெளியே போனால் கண்ணில் படும் சாலைப் பெயர்கள்: சம்பந்தன், தம்பிப்பிள்ளை, ஸ்காட், டிராவர்ஸ், ரொசாரியோ. எல்லாம் ஆண்கள். 2010இல் இந்தப் பகுதியை லிட்டில் இந்தியா என்று இரண்டு பிரதமர்கள் வந்து திறந்தார்கள். வளைவு கட்டினார்கள், நீரூற்று வைத்தார்கள். நீரூற்றில் யானை இருக்கிறது. நாய்க்குப் பெயர், யானைக்குச் சிலை!

இதெல்லாம் பழங்கதை, பிள்ளைகளுக்கு வேலையும் படிப்பும் பேசுங்கள் என்று ஒரு தரப்பு எப்போதும் எழுந்து நிற்கும். பழங்கதையா? குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் பாட்டிகளிடம் போய் அதைச் சொல்லட்டும். இந்த மண்ணில் பிறந்ததாலேயே குடியுரிமை கிடைத்தது 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 வரை பிறந்தவர்களுக்கு. அதற்கு முன் பிறந்தவர்களிலும் வந்தவர்களிலும் பலர் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது, மலாய்மொழித் தேர்வு, சத்தியப் பிரமாணம், சாட்சி என்று. கணவன் போய்த் தன் பெயரை எழுதிக்கொண்டு வந்தான். உனக்கு எதற்கு என்று அவளிடம் சொன்னான். லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவளுக்குப் பிறப்புப் பத்திரம் ஏது? 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, ஆயிரக்கணக்கானோர் மறுபடி கப்பலேறினார்கள். பிள்ளைகள் இங்கே, தாய் அங்கே என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனை!

தங்கியவர்களின் கதியைக் கிள்ளானில் ஒரு மூதாட்டியிடம் காணலாம். வயது எண்பதைத் தாண்டியவர். ஒரு பதிவு அலுவலகத்தின் முகப்பில் இளைஞர் ஒருவர் அவரிடம் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார். மூதாட்டி தம் வலக் கையை விரித்து மேசைமேல் வைத்தார். ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் வெட்டுக்கத்தி பிடித்துப் பிடித்து வளைந்து, நிமிர மறுத்தன. இளைஞர் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். அறுபது வயது கடந்த சிவப்பு அட்டை இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று 2018இல் அரசு அறிவித்தது. அறுபது ஆண்டுக்குப் பிறகு வந்த அறிவிப்பு! அதற்குள் எத்தனை பேர் சிவப்பு அட்டையோடு சுடுகாடு போய்ச் சேர்ந்தார்கள்!

கடலுக்கு அப்பாலும் இதே கதை நடந்தது. 1948 ஜூனில் ஜமைக்காவிலிருந்து எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் இங்கிலாந்தின் டில்பரி துறைமுகத்துக்கு வந்தது. தொப்பியும் கோட்டும் போட்ட ஆண்களின் படம் உலகம் சுற்றியது. அதில் வந்தவர்களில் இருநூறு பேருக்கு மேல் பெண்கள். டிக்கெட் இல்லாமல் ஒளிந்து ஏறிய ஈவ்லின் வாசோப் என்ற தையற்காரிக்குச் சக பயணிகளே பணம் திரட்டிக் கட்டணம் செலுத்தினார்கள். அடுத்த ஆண்டுகளில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த பெண்கள்தான் பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் இரவும் பகலும் தாதிகளாக நின்றார்கள். நெடுங்காலம் அவர்கள் படத்தில் இல்லை. 2010இல் பிரிட்டிஷ் உள்துறை அந்தத் தலைமுறையினரின் இறங்கு சீட்டுகளை அழித்தது. பின்னர், நீ எப்போது வந்தாய், சீட்டு எங்கே என்று அவர்களையே கேட்டது. அந்த அநியாயம் 2018இல் வெடித்தது. அங்கே பெண்கள் எழுந்து எழுதினார்கள், பேசினார்கள், வழக்காடினார்கள். 2022இல் லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் நிறுத்தப்பட்ட விண்ட்ரஷ் நினைவுச் சிலையில் ஓர் ஆண், ஒரு பெண், ஒரு குழந்தை, பெட்டிகளின் மேல் நிற்கிறார்கள். பெண் நிற்கிறாள், குந்தியிருக்கவில்லை.

இங்கே செய்ய வேண்டியதற்கு நாள் குறைவு. கிள்ளான் வட்டாரத்துப் புக்கிட் ராஜாத் தோட்டம் இன்று வீட்டுமனை நகரம். புக்கிட் ஜாலில் தோட்டத்து மண்ணில் 1998 காமன்வெல்த் விளையாட்டுக்கு எழுந்த அரங்கம் நிற்கிறது. லயம் இடியும்போது தோட்ட ஆபீஸ் அலமாரியும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது. அதில்தான் செக்ரோல் இருக்கிறது, பிறப்புக் குறிப்பு இருக்கிறது, ஆயாக் கொட்டகைப் பதிவு இருக்கிறது. எஞ்சிய தோட்டங்களின் பழைய பதிவேடுகளை நிர்வாகங்கள் அழிக்காமல் ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்க வேண்டும். கோவில் நிர்வாகங்கள் கும்பாபிஷேக மலருக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை எடுத்து, தம் வட்டாரத்துப் பாட்டிகளின் குரலைப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தம் வீட்டுப் பெண்களின் பெயரை மூன்று தலைமுறைக்கு எழுதிவர வேண்டும். ‘பாட்டி’, ‘அப்பாயி’ என்று எழுதிக்கொண்டு வந்தால் ஆசிரியர் திருப்பி அனுப்ப வேண்டும். சிவப்பு அட்டையோடு இன்னும் உயிரோடிருக்கும் ஒவ்வொரு மூதாட்டியின் விண்ணப்பத்தையும் வட்டாரச் சட்டமன்ற உறுப்பினர் தாமே கையோடு எடுத்துக்கொண்டு பதிவு இலாகாவுக்குப் போக வேண்டும், அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும் வரை காத்திராமல்.